கீழத்தஞ்சையை அளந்த ஆய்வுகள்

காவிரிக் கழிமுகத்தின் கடலோரப் பாதியான கீழத்தஞ்சையைப் போல ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப வந்துபோன நாட்டுப்புறம் இந்தியாவில் அதிகம் இல்லை. இன்று நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை என மூன்று மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் இந்தப் பகுதியில் நிலம் மடங்களிடமும் கோயில்களிடமும் பெருமிராசுகளிடமும் குவிந்திருந்தது. சேற்றில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற ஆதிதிராவிடர்கள். நல்ல விளைச்சலுக்கு நடுவே கடும் வறுமை இருந்ததால் பொருளியலார் வந்தனர். செங்கொடிச் சங்கங்கள் வேரூன்றியதால் உள்துறையும் கண் வைத்தது. இங்கே ஏன் ஏழ்மை, இங்கே ஏன் கலவரம் என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றியே நூறாண்டுக் கொள்கை ஆய்வு நடந்திருக்கிறது. முதல் கேள்வியோடு வந்தவர்கள் பெரும்பாலும் தங்கினார்கள், திரும்பியும் வந்தார்கள். இரண்டாவது கேள்வி ஏதாவது ஒரு சம்பவம் நடந்த பிறகே எழுந்தது.

1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, சொந்த ஊரைப் பற்றி எழுதி வரச் சொன்னார். 1918-இல் நூலாக வந்த அந்தத் தொகுப்பில் தஞ்சை மாவட்டத்தின் பாலக்குறிச்சியும் ஒன்று. 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும், 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குகனும், 2019-இல் வேளாண் ஆய்வுகளுக்கான அறக்கட்டளையும் அதே ஊரை மறு ஆய்வு செய்தனர். பண்ணையாள் முறை போய் நாட்கூலி வந்தது, நிலக்காரர்கள் நகரத்துக்குப் போனது, அறுவடை இயந்திரம் இறங்கியது, கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் வயலைவிட்டு வேறு வேலை தேடியது ஆகிய எல்லாவற்றையும் ஒரே ஊரில் வைத்துத் தொடர்ந்து பார்க்க முடிகிறது. மாதிரிக் கணக்கெடுப்பு எத்தனை பெரியதானாலும் இந்த வகைத் தெளிவைத் தராது. இந்த முறையின் முதல் பலம் இதுதான்.

பலவீனமும் தொடக்கத்திலேயே ஒட்டிக்கொண்டது. 1916-இல் கல்லூரி வரை போன மாணவர் எந்தத் தெருவிலிருந்து வந்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. கூலிக்காரரைப் பற்றிய தகவல் திண்ணையில் உட்கார்ந்தபடி கிடைத்த தகவல். அரை நூற்றாண்டு கழித்து, 1961-62-இல் ‘ஸ்ரீபுரம்’ என்று புனைபெயர் சூட்டிய தஞ்சைக் கிராமத்தில் களப்பணி செய்த ஆந்த்ரே பெத்தேயும் அக்கிரகாரத்தில்தான் தங்கினார். அதனால் சேரிக்குள் தன் போக்குவரத்து கட்டுப்பட்டதை அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்த ஒப்புதல் இருப்பதால் 1965-இல் வந்த அவருடைய நூலை எந்த அளவுக்கு நம்பலாம் என்று வாசகர் கணிக்க முடிகிறது. பெரும்பாலான அரசு அறிக்கைகளில் ஆய்வுக்குழு யார் வீட்டில் சாப்பிட்டது என்பது கிடையாது. காத்லீன் கஃப் 1951-53-இல் இரண்டு ஊர்களில், ஒன்று தஞ்சைக்கு அருகிலும் மற்றொன்று நாகைப் பக்கத்திலுமாக, களப்பணி செய்து 1976-இல் திரும்பி வந்தார். மேல்தஞ்சையையும் கீழத்தஞ்சையையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. அவர் அந்தச் சிலரில் ஒருவர்.

கொள்கை ஆய்வு நேரடியாக ஆட்சியோடு கைகோத்தது 1960-இல். ஃபோர்டு அறக்கட்டளையின் ஆலோசனையில் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. உரம், கடன், விதை, ஏக்கருக்கு விளைச்சல் என எல்லாவற்றுக்கும் பதிவேடு இருந்தது. ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வந்ததும் குறுவைப் பரப்பு விரிந்தது. குறுவை அறுப்பும் அடுத்த நடவும் ஒரே சமயத்தில் ஆள் கேட்டன. கூலிக்காரரின் பேரம் பேசும் வலு கூடியது அந்த வாரங்களில்தான். கூலியை யார், எப்படி, எந்த மரக்காலால் அளந்து கொடுக்கிறார்கள் என்பதற்கு அந்தத் திட்டத்தின் பதிவேடுகளில் பெரிய இடம் இல்லை. விளைச்சலை மட்டும் அளந்த ஆய்வு, அந்த விளைச்சல் கிளப்பிய சண்டையைக் காணத் தவறியது.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வுக் கோரிக்கை, வெளியூர் ஆட்களை இறக்கியது, நிலக்காரர்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத்துக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் இடையிலான மோதல் ஆகியவை அதன் பின்னணி. அதன்பின் ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன. மாநில அரசு கணபதியா பிள்ளையை ஒருநபர் ஆணையமாக நியமித்தது. 1969-இல் கீழத்தஞ்சைக்கென நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அதே ஆண்டு மத்திய உள்துறையின் ஆய்வுப் பிரிவு வேளாண் பதற்றத்தின் காரணங்களைப் பற்றி ஓர் அறிக்கை தயாரித்தது. பிரான்சின் ஃபிராங்கெல் 1971-இல் வெளியிட்ட நூலில் தஞ்சாவூரைப் பசுமைப் புரட்சியின் அரசியல் விலைக்கு ஒரு சான்றாகக் காட்டினார். மார்ஷல் பௌட்டன் 1985-இல் வந்த தன் நூலில் தீவிர இயக்கம் எங்கே வேர்பிடிக்கிறது என்பதை நீர்வளத்தோடும் கூலியாள் விகிதத்தோடும் சேர்த்து ஆராய்ந்தார்.

உள்துறை அறிக்கை காவல்துறைக் கோப்பாகச் சுருங்கிப் போயிருக்கலாம், அப்படிப் போகவில்லை. நிலச் சீர்திருத்தம் காகிதத்தில் நின்றதும், புதிய விவசாயத்தின் பலன் மேல்தட்டுக்கே போனதும் பதற்றத்துக்குக் காரணம் என்று அது வெளிப்படையாகச் சொன்னது. பாதுகாப்புக் கேள்வியோடு புறப்பட்ட ஒரு துறை சமூகப் பதிலோடு திரும்பியது அபூர்வம். ஆனால் ‘பதற்றம்’ என்ற அளவுகோலுக்கே ஒரு சாய்வு உண்டு. வேலைநிறுத்தம், அறுவடைத் தகராறு, ஊர்வலம் எல்லாம் பதற்றக் கணக்கில் ஏறும். சாணிப்பால், சவுக்கடி என்று தலைமுறை தலைமுறையாக நடந்த தண்டனைகளின்போது ஊர் ‘அமைதியாக’ இருந்ததாகவே பதிவாகும். கீழ்வெண்மணியில் செத்தவர்கள் கூலிக்காரர்கள். அதற்குப் பிந்தைய ஆய்வுகளில் கணிசமானவை கூலிக்காரரின் தீவிரத்தையே ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டன. நிலக்காரர் சங்கத்தின் உள்ளமைப்பு, பணபலம், காவல்நிலையத்தோடு அதற்கிருந்த உறவு ஆகியவற்றில் அதே அளவு உழைப்பு செலவானதாகத் தெரியவில்லை. 1973-இல் உயர்நீதிமன்றம் மேல்முறையீட்டில் நிலக்காரர்களை விடுவித்த பிறகும் இந்த இடைவெளி நிரம்பவில்லை.

ஆய்வுப் படிவத்தின் குறை கண்ணுக்குத் தெரியும் இடம் குத்தகை. உதாரணத்துக்குத் திருக்கடையூரை எடுத்துக்கொள்ளலாம். அங்குள்ள அமிர்தகடேசுவரர் கோயில் தருமபுரம் ஆதீனத்தின் நிர்வாகத்தில் உள்ளது. சுற்றுவட்டாரத்தில் கோயில், மடத்து நிலங்களில் பயிர் வைப்பது பரம்பரை வழக்கம். படிவம் ‘சொந்த நிலம் எத்தனை ஏக்கர், குத்தகை நிலம் எத்தனை ஏக்கர்’ என்று கேட்கும். பதில் மாவிலும் குழியிலும் வரும். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி, வேலி ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர். அலகை மாற்றி எழுதிவிடலாம், சிக்கல் அங்கே இல்லை. மடத்துக் கணக்கில் ஒருவர் பெயர், வரப்பில் நிற்பவர் இன்னொருவர், நடுவில் வாய்ப்பேச்சாக ஓர் உள்குத்தகை. 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் இருந்தும், பெயரைச் சொன்னால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்று பயந்தவர் ‘கூலிக்குத்தான் போறேன்’ என்று முடித்துக்கொள்வார். அந்தப் பதில் அட்டவணையில் ஏறும். அட்டவணையை நம்பி நிவாரணக் கொள்கை வரும். பயிர் போன ஆண்டில் பட்டாவும் அடங்கலும் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் பணம். 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்துச் சம்பா கருகியபோது நட்டப்பட்ட பலர் கணக்குக்குள்ளேயே வராமல் போனதற்கு இது ஒரு காரணம்.

‘முக்கியத் தொழில்’ என்ற கட்டமும் இப்படிப்பட்டதுதான். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணமும் சதாபிஷேகமும் ஆண்டு முழுக்க நடக்கின்றன. மண்டபம், விடுதி, சமையல், மாலை, புரோகிதம், வேன் என்று ஒரு தனிப் பொருளாதாரமே கோயிலைச் சுற்றி ஓடுகிறது. பக்கத்து ஊரான பிள்ளைபெருமாள்நல்லூரில் 2001 முதல் 330 மெகாவாட் மின்நிலையம். கிழக்கே சில கிலோமீட்டரில் சின்னங்குடிக் கடற்கரை. நடவுக்குப் போகும் பெண் முகூர்த்த நாளில் மண்டபத்தில் பாத்திரம் துலக்கினால் அவர் விவசாயக் கூலியா, சேவைத் துறையா? வயலும் சேரியும் அக்கிரகாரமும் கொண்ட தனித்தீவாக ஊரைக் கற்பித்துக்கொண்ட ஆய்வு மரபுக்கு இந்தக் கேள்வி பெரிய இடைஞ்சல்.

வயலை அளந்தவர்கள் கடலை ஏறிட்டுப் பார்க்காததும் அதே மரபின் விளைவு. 1990களில் இறால் பண்ணைகள் நெல்வயலை ஒட்டி வந்தபோது அதைக் கொள்கைப் பிரச்சினையாக்கியவர் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன். அவர் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் கேட்டு வாங்கிய ஆய்வு, இறால் தரும் வருமானத்தைவிட அதனால் விளையும் சேதம் பெரிது என்றது. 1996 டிசம்பரில் தீர்ப்பும் பண்ணைகளுக்கு எதிராக வந்தது. 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, உரிமம் பெற்ற பண்ணைகளுக்கு வழிவிட்டது. நல்ல ஆய்வு வழக்கில் வெல்லும். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் வெல்ல வேறு பலமும் வேண்டியிருக்கிறது.

2004 டிசம்பர் 26 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிக உயிரை இழந்தது அன்றைய நாகப்பட்டினம் மாவட்டம். இறந்தவர் ஆறாயிரத்துக்கு மேல். அடுத்த சில ஆண்டுகளில் தரங்கம்பாடிக் கரையில் கேள்விப் பட்டியலோடு வராத அமைப்பு எது என்று கேட்கும் அளவுக்கு ஆய்வுகள் குவிந்தன. மீனவப் பஞ்சாயத்து வழியாகப் போன உதவி தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் எட்டாததை அவை பதிவு செய்தன; அது முக்கியமான பணி. உதவியாக வந்த படகுகள் தேவைக்கு மிஞ்சிப் பெருகியதையும் சில எழுதின. பிறகு பணம் தீர்ந்தது, ஆய்வாளர்களும் போய்விட்டனர். பெருகிய படகும் வலையும் என்ன செய்தன என்பது சுருக்குவலைத் தகராறில் தெரிந்தது. 2021-இல் பூம்புகார், திருமுல்லைவாசல் பக்கத்து மீனவர்கள் அனுமதி கேட்டுப் போராட, தரங்கம்பாடி தலைமையில் பல ஊர்கள் எதிர்த்து நிற்க, கடலோரச் சாலைகளில் போலீஸ் குவிந்தது. மீன்வளம், கடன், சந்தை ஆகியவற்றை இருபதாண்டு தொடர்ந்து பார்த்த ஒரு பாலக்குறிச்சி கடற்கரையில் இருந்திருந்தால் அது முன்பே தெரிந்திருக்கும்.

முடிவுகள் யார் கைக்குப் போகின்றன என்பதே மிச்சமிருக்கும் பெரிய குறை. மேலே சொன்ன நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் வந்தவை. பாலக்குறிச்சிக்காரர் தன் ஊரின் நூறாண்டுக் கணக்கைப் படிக்க ஆங்கிலமும் நூலக வசதியும் வேண்டும். இதற்கு மாறான ஒரு முயற்சி 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் கொண்டுவந்த சமூகத் தணிக்கை. வருகைப் பதிவேட்டையும் வேலை நடந்த இடத்தையும் ஒப்பிட்டு, கண்டதைக் கிராமசபையில் தமிழில் உரக்கப் படிக்க வேண்டும். கணக்கில் பெயர் இருப்பவரே எழுந்து மறுக்கலாம். ஆழத்தில் அது ஸ்லேட்டரின் தொகுப்புக்கு ஈடாகாது. தணிக்கையாளரை நியமிக்கும் கையும் தணிக்கைக்கு உள்ளாகும் கையும் அரசின் கைகளே என்பது அதன் பலவீனம். கண்டுபிடித்த முறைகேட்டுத் தொகையைத் திரும்ப வசூலிப்பது இழுத்தடிக்கப்படுகிறது என்ற புகாரும் எழுகிறது.