காணாமல் போன தொழுநோயாளி

கான்வென்ட் பள்ளிகளில் படித்த பலருக்கு ஒரு பிரார்த்தனை மனப்பாடம். என்னை உன் சமாதானத்தின் கருவியாக்கு என்று கடவுளிடம் கேட்கிற பிரார்த்தனை. 1979-ல் ஆஸ்லோவில் நோபல் பரிசு வாங்கியபோது அன்னை தெரசா அதை அரங்கத்தில் இருந்தவர்களோடு சேர்ந்து சொன்னார். 'அஸிஸி நகர புனித பிரான்சிஸ் எழுதியது' என்று அடியில் அச்சிட்ட அட்டைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பிரான்சிஸ் அதை எழுதவில்லை. அவர் இறந்தது 1226-ல். அந்தப் பிரார்த்தனை முதன்முதலாக அச்சில் வந்தது 1912-ல். பாரிஸிலிருந்து வெளிவந்த ஒரு சின்ன பக்திப் பத்திரிகையில், எழுதியவர் பெயரே போடாமல்!

சரி, ஊரை நடுங்க வைத்த ஓநாயோடு பிரான்சிஸ் ஒப்பந்தம் போட்டுக்கொண்டாரே, அந்தக் கதை? அது எழுத்துக்கு வந்தது அவர் இறந்து 100 வருஷங்களுக்குப் பிறகு.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. மகான்கள் என்றால் கதைகள் சேரத்தான் செய்யும். பிரான்சிஸ் விஷயத்தில் எனக்குச் சுவாரஸ்யமாகப் படுவது, சேர்த்தவற்றைவிட எடுத்தவைதான். அதுவும் சும்மா மறந்துபோய் விட்டுப்போனதல்ல. கூட்டம் கூட்டி, தீர்மானம் போட்டு எடுத்தது. அதைப் பார்ப்பதற்கு முன், ஆளைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

*

அப்பா பீட்ரோ பெர்னார்தோனே, அஸிஸியில் பெரிய துணி வியாபாரி. பையன் கடைத் துணியை விற்று, இடிந்து கிடந்த ஒரு கோயிலைப் பழுதுபார்க்கப் பணம் கொடுக்கிறான். அப்பா பிஷப்பிடம் வழக்குக் கொண்டுபோகிறார். 1206 வாக்கில் நடந்த அந்த விசாரணையில் பையன், உடுத்தியிருந்த துணியையும் கழற்றி அப்பாவிடமே கொடுத்துவிட்டு வெறும் உடம்போடு நிற்கிறான்.

மூன்று வருஷம் கழித்து, 1209-ல், தன்னோடு சேர்ந்த 11 பேரைக் கூட்டிக்கொண்டு ரோமுக்குப் போகிறார் பிரான்சிஸ். ஐரோப்பாவின் ராஜாக்களையே ஆட்டிவைத்த போப் மூன்றாம் இன்னொசென்ட் அப்போது பதவியில் இருக்கிறார். இவர்கள் கேட்டது வினோதமான அனுமதி. எங்களுக்குச் சொத்து எதுவும் கூடாது, சுவிசேஷத்தில் இருக்கிறபடியே வாழ வேண்டும், அதைப் பிரசங்கம் செய்ய வேண்டும்.

இதற்கு எதற்கு அனுமதி என்று கேட்பீர்கள். லியோன் நகரத்து வால்டோவைக் கேட்டால் சொல்லியிருப்பார். அவரும் பணக்கார வியாபாரி. 1173 வாக்கில் எல்லாவற்றையும் தானம் செய்துவிட்டு, பைபிள் பகுதிகளை மக்கள் மொழியில் எழுதவைத்துத் தெருத்தெருவாகப் பேசினார். ஏழையாக இருப்பதில் ரோமுக்கு ஆட்சேபணை இல்லை. உள்ளூர்ப் பாதிரியாரின் அனுமதி இல்லாமல் பிரசங்கம் செய்யக் கூடாது என்றது. வால்டோவின் ஆட்கள் அடங்கவில்லை. 1184-ல் அவர்களைச் சபையிலிருந்து விலக்கிவைத்தார்கள்.

அதே தொழில், அதே துறவு, அதே சுவிசேஷம். ஒருவர் மத விரோதி, இன்னொருவர் புனிதர். நடுவில் இருந்தது ஒரு அனுமதி. அதையும் இன்னொசென்ட் வாய்வார்த்தையாகத்தான் கொடுத்தார். எழுத்து மூலமான ஒப்புதல் 1223-ல்தான் வந்தது, அடுத்த போப்பிடமிருந்து.

*

இனிதான் விஷயம். பிரான்சிஸின் வாழ்க்கை மாறிய தருணம் எது? இதற்கு நாலு எழுத்துகளில் நாலு பதில் இருக்கிறது. வரிசையாக வைத்துப் பாருங்கள்.

முதலாவது, அவரே சாகும் தறுவாயில் சொல்லி எழுதவைத்த உயில். சொத்தே இல்லாத மனிதரின் உயில்! 1226-ல் எழுதியது. எடுத்த எடுப்பில் தொழுநோயாளிகளைப் பற்றிப் பேசுகிறது. அவர்களைப் பார்ப்பதே தனக்குக் கசப்பாக இருந்தது. கடவுள் தன்னை அவர்கள் நடுவே கொண்டுபோனார். அவர்களுக்குச் சேவை செய்தபின் அந்தக் கசப்பே இனிப்பாயிற்று. இவ்வளவுதான். அற்புதம் இல்லை, அசரீரி இல்லை. பன்மையில் மனிதர்கள், அவர்களோடு கழித்த நாட்கள்.

இரண்டாவது, தாமஸ் செலானோ என்ற துறவி 1229 வாக்கில் எழுதிய முதல் சரித்திரம். எழுதச் சொன்னவர் போப் ஒன்பதாம் கிரகோரி. இதிலும் தொழுநோயாளிகளுக்குச் செய்த சேவை வருகிறது. கூடவே, வழியில் பார்த்த ஒரு தொழுநோயாளியை முத்தமிட்டார் என்ற சம்பவமும் சேர்கிறது.

மூன்றாவது, அதே செலானோ 1247 வாக்கில் முடித்த இரண்டாவது நூல். இப்போது பிரான்சிஸ் குதிரையில் வருகிறார். இறங்கி முத்தமிட்டுப் பணம் கொடுக்கிறார். மறுபடி குதிரையேறித் திரும்பிப் பார்த்தால், சுற்றிலும் வெட்டவெளி. தொழுநோயாளியைக் காணோம்!

நாலாவது, சபையின் தலைவரான பொனவெந்துரா எழுதி 1263-ல் சபையிடம் ஒப்படைத்த 'பெரிய சரித்திரம்'. இதிலும் ஆள் மாயம்.

வந்தது யார் என்று வாசிக்கிறவருக்குப் புரிந்துவிடும். படிக்கும்போது கொஞ்சம் சிலிர்க்கவும் செய்யும். ஆனால் 37 வருஷத்துக்குள் என்ன ஆகிவிட்டது பாருங்கள். உயிலில் இருந்தவர்கள் சீழும் புண்ணுமாக, ஊரால் ஒதுக்கப்பட்டு, மறுநாள் காலையிலும் அங்கேயே இருக்கப் போகிறவர்கள். அவர்களைத் தினமும் கழுவிவிட வேண்டும். கதையில் வருகிறவரோ ஒரு முத்தத்தோடு மறைந்துவிடுகிறார். மறுநாள் வேலை மிச்சம்.

பொனவெந்துராவுக்கு நியாயம் செய்ய வேண்டும். பிற்பாடு பிரான்சிஸ் தொழுநோயாளிகளுக்குப் பணிவிடை செய்ததை அவரும் எழுதத்தான் செய்கிறார். ஆனால் வாழ்க்கையே திரும்பிய இடத்தில், மனிதர்கள் போய் அற்புதம் வந்து உட்கார்ந்துவிட்டது.

*

இதைச் சபையின் சதி என்று சொல்லிவிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். நடந்தது அதைவிடச் சிக்கலானது.

பிரான்சிஸ் இறந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. 1228 ஜூலை 16-ம் தேதி புனிதர் பட்டம் கொடுத்தாயிற்று. கொடுத்தவர் அவரை நெருங்கி அறிந்தவர், அவரது சபையின் பாதுகாவலராக இருந்த கர்தினால் உகோலினோ. அவர்தான் அப்போது ஒன்பதாம் கிரகோரி என்ற பெயரில் போப். மறுநாளே அஸிஸியில் ஒரு மாபெரும் ஆலயத்துக்கு அடிக்கல்.

செலானோவின் இரண்டாவது நூலில் ஒரு காட்சி வருகிறது. துறவிகள் தங்கட்டும் என்று ஊர்க்காரர்கள் ஒரு வீடு கட்டிவைக்க, வெளியூர் போய் வந்த பிரான்சிஸ் கூரை மேல் ஏறி ஓடுகளைப் பிடுங்கி எறிகிறார். 'இது உங்கள் வீடு இல்லை, நகரசபையின் வீடு' என்று சொன்ன பிறகுதான் இறங்குகிறார். அப்படிப்பட்டவருக்கு அடுக்குமேல் அடுக்காக இரண்டு ஆலயங்கள்!

அடுத்தது உயில். இதற்கு விளக்கவுரை எழுதாதீர்கள், ரோமிடம் போய்ச் சலுகைக் கடிதம் வாங்காதீர்கள் என்று அதில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சபைக்குள் குழப்பம். 1230-ல் துறவிகள் ரோமிடமே போய்க் கேட்டார்கள். கிரகோரி விளக்கம் கொடுத்தார்: உயில் உங்களைக் கட்டுப்படுத்தாது. ஏனென்றால் மற்ற தலைவர்களின் சம்மதம் இல்லாமல் எழுதியது. தனக்குப் பின் வருகிறவரைக் கட்டிப்போட அவருக்கு அதிகாரம் இல்லை. சட்டப்படி அப்பழுக்கில்லாத பதில். மனிதர் புனிதர், அவர் கடைசி வார்த்தை செல்லாது.

பொனவெந்துரா 1257-ல் தலைவரானபோது சபை இரண்டுபட்டுக் கிடந்தது. ஒரு பக்கம், பிரான்சிஸ் சொன்னதைச் சொன்னபடி செய்ய வேண்டும் என்றவர்கள். இன்னொரு பக்கம், படிக்க வேண்டும், போதிக்க வேண்டும், அதற்குக் கூரையும் புத்தகமும் வேண்டாமா என்றவர்கள். இரண்டு பேரும் பிரான்சிஸின் வாழ்க்கைக் கதைகளையே ஆயுதமாக எடுத்துச் சண்டை போட்டார்கள். தலைவராக அவர் ஒரு பொதுக் கதையை எழுதினார். மோசமான எழுத்து என்று சொல்ல முடியாது. நல்ல தத்துவ ஞானி, சுத்தமான லத்தீன், கட்டுக்கோப்பான 15 அத்தியாயங்கள். பிறப்பும் இறப்பும் இரண்டு ஓரத்திலும் இருக்க, நடுவில் பணிவு, வறுமை, ஜெபம் என்று குணவாரியாக அடுக்கியிருக்கிறார்.

அங்கேதான் எனக்கு அவரோடு சண்டை. வாழ்க்கையைக் குணங்களாகப் பிரித்து அடுக்கினால் முன்பின் போய்விடும். முன்பின் போனால் மோதலும் போய்விடும். 1220-ல் தலைமையை ஏன் விட்டார்? என் சபையை என் கையிலிருந்து பறித்தவர்கள் யார் என்று நோய்ப்படுக்கையில் அவர் குமுறியதாக செலானோவின் இரண்டாவது நூலில் வருகிறது. அந்தக் குமுறலைப் பொனவெந்துராவிடம் தேடினால் கிடைக்காது. அவருடைய பிரான்சிஸ் யாரோடும் மனஸ்தாபம் இல்லாதவர்.

அப்புறம்தான் நான் முதலில் சொன்ன தீர்மானம். 1266-ல் பாரிஸில் கூடிய சபைக் கூட்டம் உத்தரவு போட்டது. பொனவெந்துராவின் நூல் மட்டும் போதும். முந்தைய சரித்திரங்கள் அத்தனையும் அழிக்கப்பட வேண்டும். சபைக்கு வெளியே பிரதிகள் இருந்தால் அவற்றையும் அகற்றப் பார்க்க வேண்டும். அழிக்கச் சொன்னவர்கள் பிரான்சிஸின் எதிரிகள் இல்லை. அவர் பெயரால் வாழ்ந்த அவருடைய சகோதரர்கள்.

சண்டை ஓய்ந்ததா? இல்லை. 1317-ல் போப் இருபத்திரண்டாம் ஜான் துறவிகளின் அங்கி, தானியக் கிடங்கு பற்றிய தகராறில் தலையிட்டு, வறுமையைவிடக் கீழ்ப்படிதல் பெரிது என்று முடிவு சொன்னார். 1318 மே மாதம் மார்சேயில், பணிய மறுத்த நாலு பிரான்சிஸ்கன் துறவிகளை உயிரோடு எரித்தார்கள். 1323-ல், கிறிஸ்துவும் சீடர்களும் எதையும் சொந்தமாக வைத்திருக்கவில்லை என்று சாதிப்பதே மத விரோதம் என்று அறிவித்தார் அதே ஜான். பிரான்சிஸ் இறந்து 100 வருஷம் முடிய இன்னும் மூன்று வருஷம் பாக்கி இருந்தது.

*

அழிக்கச் சொன்ன பிரதிகள் முழுசாக அழியவில்லை. சிஸ்டர்சியன் போன்ற வேறு சபைகளின் மடங்களில், கண்ணில் படாமல் தங்கியவை பிழைத்தன. செலானோவின் முதல் நூல் 1768-ல்தான் அச்சேறியது. 2014-ல் அவர் எழுதிய இன்னொரு சரித்திரமே, கைக்குள் அடங்கும் ஒரு சின்னச் சுவடியில் கிடைத்தது. பிரெஞ்சு அறிஞர் ழாக் தலரன் அடையாளம் காட்ட, பிரான்ஸின் தேசிய நூலகம் வாங்கி வைத்தது.

1893-ல் பால் சபாத்தியே என்ற பிரெஞ்சு புராட்டஸ்டண்ட் போதகர், பழைய ஆதாரங்களைத் தோண்டி ஒரு புதிய வரலாறு எழுதினார். ஐரோப்பாவே படித்தது. அடுத்த வருஷமே ரோம் அதைத் தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. சபாத்தியேயின் பிரான்சிஸ், ரோமின் பிடியில் சிக்கிக்கொண்ட சுதந்திர ஆத்மா. நமக்கும் இந்தப் பிரான்சிஸைத்தான் பிடிக்கும். மகான் நல்லவர், நிர்வாகம் கெட்டது என்று சொன்னால் நம் ஊர் டீக்கடையிலும் ஒப்புக்கொள்வார்கள்.

ஆனால் உயிலைக் கடைசி வரை படியுங்கள். பாதிரியார்கள் தன்னைத் துன்புறுத்தினாலும் அவர்களிடமே போவேன் என்கிறார். அதைவிட, ஜெபங்களை விதிப்படி சொல்லாத, விசுவாசத்தில் பிறழ்ந்த சகோதரர் யாராவது இருந்தால் ராப்பகலாகக் காவல் வைத்து, கடைசியில் கர்தினாலிடம் ஒப்படைக்கச் சொல்கிறார். பறவைகளுக்குப் பிரசங்கம் செய்தவர்தான்! இந்த வரிகள் புரட்சிக்காரப் பிரான்சிஸுக்குப் பொருந்தாது. ஆகவே புரட்சிக்காரரை நேசிப்பவர்கள் அதை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். பொனவெந்துரா கத்தரித்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

அவர் இரண்டும்தான். கூரையைப் பிடுங்கியவர், போப்பின் காலில் விழுந்தவர். கீழ்ப்படிந்திருக்காவிட்டால் இன்னொரு வால்டோ ஆகியிருப்பார். கீழ்ப்படிந்ததால் சபை வளர்ந்தது, வளர்ந்ததால் அவர் விரும்பியது கரைந்தது. 2013-ல் ஒருவர் வந்து அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளும் வரை, 800 வருஷமாக எந்த போப்பும் பிரான்சிஸ் என்ற பெயரைத் தொடவில்லை என்பதையும் யோசித்துப் பார்க்கலாம்.

மகான்களின் சரித்திரம் எதைப் படித்தாலும் மூன்று கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது. யார் எழுதச் சொன்னது? அப்போது அங்கே என்ன சண்டை நடந்தது? முந்தைய புத்தகத்தில் இருந்து இதில் காணாமல் போனது யார்?

பிரான்சிஸின் உயில் சில பக்கங்கள்தான். அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். அங்கே தொழுநோயாளிகள் இன்னும் மறையாமல் இருக்கிறார்கள்.