மூழ்கினால்தான் சட்டம் திரும்பிப் பார்க்குமா?

மண்டகப்பட்டு, தளவானூர் என்று குடைவரைகளையே சுற்றிக்கொண்டிருக்கும் ஆள் திடீரென்று கப்பலைப் பற்றி எழுதுவது ஏன் என்று கேட்கலாம். காரணம் ஒரு கல்வெட்டுதான். காகதீய மன்னர் கணபதிதேவர் 1244-45-ல் ஆந்திரக் கரையில், மோட்டுப்பள்ளியில் பொறிக்கச் செய்த அபய சாசனம். புயலில் உடைந்து கரை ஒதுங்கும் கப்பல்களின் சரக்கை முந்தைய அரசர்கள் பறித்துக்கொண்டார்கள், நாம் வழக்கமான சுங்கம் தவிர வேறெதையும் தொடமாட்டோம் என்பது அதன் சாரம். வணிகர்களுக்கு நல்ல செய்திதான். ஆனால் பேச்செல்லாம் சரக்கைப் பற்றி, அதுவும் கப்பல் உடைந்த பிறகு.

நம் காலத்துச் சட்டங்களிலும் இந்தப் 'பிறகு' போகவில்லை என்பதுதான் என் விமர்சனம்.

பிரதிபா காவேரியை நினைவிருக்கிறதா? 2012 அக்டோபர் 31, நீலம் புயல் அன்று பெசன்ட் நகர் கடற்கரையில் தரைதட்டிய எண்ணெய்க் கப்பல். உயிர்காக்கும் படகில் இறங்கியவர்களில் ஆறு பேர் இறந்தார்கள். கூட்டம் கூட்டமாகப் போய் வேடிக்கை பார்த்தோம். மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி, சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு என்று தப்பியவர்கள் சொன்னதும் செய்திகளில் வந்தது. அதாவது, புயலுக்கு முன்பே கப்பல் கைவிடப்பட்ட நிலைக்கு வந்துவிட்டது.

அப்போது நடைமுறையில் இருந்தது 1908-ம் வருட இந்தியத் துறைமுகச் சட்டம். அதன் 14-ம் பிரிவின்படி, உடைந்தோ தரைதட்டியோ மூழ்கியோ போக்குவரத்துக்கு இடைஞ்சலாகக் கிடக்கும் கப்பலைத் துறைமுக அதிகாரி அகற்றலாம். ஆனால் முதலாளி கைகழுவிய கப்பல் மிதந்துகொண்டே இருந்தால்? அந்தப் பிரிவுக்குள் வராது.

இன்னொரு வழி உயர் நீதிமன்றம். அங்கே கப்பலைச் சிறைப்பிடித்து ஏலம் விடலாம். 2017-ம் வருடக் கடல்சார் வழக்குச் சட்டம் வரிசையையும் நன்றாகவே வகுத்திருக்கிறது: முதலில் மாலுமிகளின் சம்பளம், அடுத்து உயிரிழப்பு, காயம், பிறகு மீட்புக் கூலி, அதற்கும் பிறகுதான் துறைமுகக் கட்டணம். ஆனால் இது யாராவது வழக்குப் போட்டால்தான் நகரும். சம்பளமே வராமல் நங்கூரமிட்ட கப்பலில் கிடப்பவர் வக்கீலுக்கு எங்கே போவார்? அதற்குள் இரும்பு துருப்பிடிக்கும், வாடகை ஏறும், ஏலத்தில் கிடைக்கும் தொகை சுருங்கும்.

எங்கள் தொழிலில் ஒரு சர்வர் குறிப்பிட்ட நேரத்துக்குள் பதில் தரவில்லை என்றால் அது செத்துவிட்டது என்று வைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். கப்பலுக்கும் அப்படி ஒரு கெடு ஏற்கெனவே இருக்கிறது. 2017 ஜனவரியில் அமலுக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைத் திருத்தத்தின்படி, இரண்டு மாதம் சம்பளம் தராமல் தொடர்பை அறுத்துக்கொள்வதும் கைவிடுதல்தான். நைரோபி உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேல்: மூழ்கும் அல்லது தரைதட்டும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய கப்பலுக்கு உதவி நடவடிக்கை எதுவும் நடக்கவில்லை என்றால், அதையும் சிதைவு என்றே கணக்கில் எடுக்கிறது. 2011-லேயே இந்தியா அதில் சேர்ந்துவிட்டது. நீலம் வந்தது அடுத்த வருடம்!

சம்பளம் நின்ற இரண்டாவது மாதமே அந்தத் தகவல் துறைமுக அதிகாரியின் மேசைக்குத் தானாக வரவேண்டும். மாலுமிகளை இறக்குவது, காவலுக்குக் குறைந்தபட்ச ஆட்களை வைப்பது, எண்ணெயை வெளியேற்றுவது, ஏலத்துக்கு மனு போடுவது எல்லாம் அங்கிருந்து அவர் கடமையாக வேண்டும். செலவை ஏலத் தொகையில் கழித்துக்கொள்ளட்டும்.

1908-ம் வருடச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ல் புதியது நிறைவேறிவிட்டது. அதை வாசிக்கும் எவரும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: கப்பல் மிதக்கும்போதே அதிகாரியை எழுப்பும் வரி அதில் எங்கே இருக்கிறது?