சங்கும் சக்கரமும்

சங்குசக்கரத்தைத் தரையில் வைத்துத் திரியைப் பற்றவைத்ததும் ஒரு கணம் வருமே, நெருப்பு உள்ளே போய்விட்டது, சக்கரம் இன்னும் அசையவில்லை என்கிற கணம், அதற்கு நான் அடிமை. சுருட்டிய காகிதக் குழலின் வாயில் ஒரு சீறல் எழும். மெல்ல ஒரு திரும்பல். பிறகு விளிம்பெல்லாம் பொன்னிழைகளாகச் சிதற, நடுவில் ஒரு வட்டம் மட்டும் அசங்காமல் நிற்பது போலத் தோன்றும். வெம்பக்கோட்டைப் பக்கத்தில் வளர்ந்தவன் கண்ணுக்கு இது சோறு மாதிரிப் பழகிய காட்சி. 2020-இல் நாளிதழ்களில் கொரோனா வைரஸின் படம் வரத் தொடங்கியபோது, கிரீடம் கிரீடம் என்று எல்லோரும் எழுதினார்கள். எனக்கு அது சக்கரமாகத்தான் தெரிந்தது.

மனிதரைப் பிடிக்கும் இந்தச் சக்கரத்தை முதலில் படமாகக் கண்டவர் ஜூன் அல்மெய்டா. கிளாஸ்கோவில் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகள்; 16 வயதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். 1964-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனைக்கு வந்தபின், சளி பிடித்த ஒரு பள்ளிச் சிறுவனிடமிருந்து கிடைத்த மாதிரி அவருடைய எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கு வந்தது. அவருடைய கைவண்ணத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வைரஸுக்கு அவர் சாயம் ஏற்றவில்லை. அதைச் சுற்றியிருக்கும் வெற்றிடத்துக்கு டங்ஸ்டன் உப்பால் கருமை ஏற்றினார். சுற்றிலும் இருட்டு அடர அடர, நடுவே ஒரு வெளிறிய உருண்டையும் அதன் ஓரத்தில் குமிழ் குமிழாக ஒளிவட்டமும் மலர்ந்தன. அமாவாசை இருட்டில்தான் மத்தாப்பு எடுக்கும் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்த அம்மையாருக்கும் தெரிந்திருக்கிறது. இதே போன்ற படங்களை அவர் முன்பு ஒரு சஞ்சிகைக்கு அனுப்பியபோது, ஃப்ளூ கிருமி மங்கலாக விழுந்திருக்கிறது என்று சொல்லித் திருப்பிவிட்டார்களாம். 1968-இல் ‘நேச்சர்’ இதழில்தான் கொரோனா என்ற பெயர் அச்சேறியது.

ஒரு தலைமுடியின் அகலத்தில் இந்த உருண்டைகளை அருகருகே அடுக்கினால் சுமார் 800 கொள்ளும். அவ்வளவு சின்ன மேனியில் இரண்டு மூன்று டஜன் முட்கள். முள் என்று சொல்லவே மனம் வரவில்லை. அடியில் மெலிந்து மேலே திரண்டிருக்கும் மூன்றிதழ் மொட்டு அது. 2020-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் வைரஸை உறையவைத்துப் படமெடுத்தபோது, தண்டில் மூன்று மூட்டுகள் இருப்பதைக் கண்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று பெயரிட்டார்கள். காற்றுக்கு ஆடும் கம்பங்கதிர் போல ஒவ்வொரு மொட்டும் தன்போக்கில் சாய்ந்து, துழாவி, பற்றிக்கொள்ள இடம் தேடுகிறது. மொட்டைச் சுற்றிச் சர்க்கரை இழைகளால் ஒரு பூம்போர்வை வேறு. அந்தச் சர்க்கரையைப் பூட்டி அனுப்பியது நம் செல்தான். நம் வீட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நம் வீட்டுக்கே வருகிற ஆள்.

அரசுக் கணக்கிலேயே தமிழ்நாட்டில் 38,000-க்கு மேற்பட்ட உயிர்களை வாங்கிய ஒன்றுக்கு நயம் பாராட்டலாமா என்று யாராவது கேட்கலாம். பட்டாசு ஊர்க்காரனிடம் அதைக் கேட்கக் கூடாது. எங்களுக்கு டாக்டர் தருவதும் மருந்து, பட்டாசு செட்டில் கலப்பதும் மருந்து. அழகும் அச்சமும் ஒரே கிண்ணத்தில் இருந்தே நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ஆனால் நான் மயங்கிக் கிடப்பது சக்கரத்தில் அல்ல. அது வந்து மோதிய சங்கில்.

எங்கள் பக்கத்து வைப்பாற்றங்கரையில், விஜயகரிசல்குளத்து மேட்டுக்காட்டில், 2022 மார்ச்சில் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியபோது சங்கு வளையல்கள் வந்துகொண்டே இருந்தன. கடல் காணாத கரிசலில், என்றோ ஒரு மணிக்கட்டில் கிடந்த வெண்மை. அந்தத் துண்டுகளின் வளைவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மூக்கின் நினைவு வரும். மூக்குக்குள் பக்கத்துக்கு மூன்றாக மெல்லிய எலும்புச் சுருள்கள் இருக்கின்றன. லத்தீனில் அவற்றுக்குப் பெயரே சங்கு. இளஞ்சிவப்புத் தோல் போர்த்திய அந்தச் சுருள்களின் மேல் காற்று நேராக ஓடாமல் வளைந்து வழுக்கிச் செல்கிறது. சித்திரை வெயிலின் அனல் காற்றோ மார்கழிப் பனியோ, நாலு விரற்கிடை கடப்பதற்குள் உடம்பின் சூட்டுக்குப் பதமாகி, ஈரமேறி, தூசி நீங்கி இறங்குகிறது. இரண்டு நாசியும் ஒரே நேரத்தில் முழுசாக உழைப்பதுமில்லை. ஒரு பக்கத்துச் சுருள் ரத்தம் தேங்கிப் பூரித்து இளைப்பாறும். மறுபக்கம் திறந்து மூச்சை வாங்கும். சில மணி நேரத்தில் முறை மாறும். விரலை நாசிக்கடியில் வைத்துப் பாருங்கள், இப்போது எந்தப் பக்கம் என்று தெரியும். சித்தர்கள் இதைத்தான் சரம் பார்ப்பது என்றார்கள். எங்கள் ஊரில் சரம் என்றால் வேறு, அது காதைப் பொத்திக்கொள்ள வேண்டிய விஷயம்.

சுருள்களுக்கும் மேலே, இரு கண்களுக்கும் நடுவில், மூக்கின் கூரையில் ஒரு சல்லடை இருக்கிறது. மருந்து கலப்பதற்கு முன் வெடியுப்பையும் கந்தகத்தையும் சலிக்கிறோம். அகழாய்வில் சின்ன மணி ஒன்று தப்பிவிடாதபடி மண்ணைச் சலிக்கிறார்கள். இந்த மூன்றாவது சல்லடை எலும்பால் ஆனது. அதன் பொடித்துளைகள் வழியாக மணநரம்பின் பட்டிழைகள் மூளைக்கு ஏறுகின்றன. இழைகளின் கீழ்முனையில், சளியின் மெல்லிய படலத்தில் நுண்மயிர்களை மிதக்கவிட்டபடி, லட்சக்கணக்கான நரம்புசெல்கள் காத்திருக்கின்றன. மணங்களை ஏற்கும் வகைகள் நம்மிடம் சுமார் 400. ஒரு செல் அவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்துகொண்டு, ஆயுள் முழுக்க அதற்கே உண்மையாக இருக்கிறது. லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991-இல் இந்த ஏற்பிகளின் குடும்பத்தைக் கண்டு சொன்னார்கள். 2004-இல் நோபல் பரிசு வந்தது. மல்லிகை என்று நாம் ஒற்றைச் சொல்லாகச் சொல்லிவிடுகிறோம். உள்ளே அது பலர் சேர்ந்து பிடிக்கும் கோலம்.

இந்தச் சபையில் என் மனதைப் பறித்தவர்கள் நரம்புசெல்கள்கூட இல்லை. அவற்றை நடுவில் நிறுத்தி, இருபுறமும் தோள்கொடுத்து நிற்கும் தாங்கு செல்கள். உப்பையும் ஈரத்தையும் அளவாக வைத்திருப்பது அவர்கள் வேலை. முகர்ந்து முடித்த மணத்துகளைத் துடைத்து அகற்றி அடுத்த மணத்துக்கு இடம்விடுவதும் அவர்கள்தான். ஒரு வாசனையும் அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் இல்லாமல் ஒரு வாசனையும் இல்லை.

சக்கரத்தின் மொட்டு தேடிய பிடிமானம் ஏசிஇ2 என்ற புரதம். நரம்புசெல்லில் அது கிடைக்கவில்லை. தாங்கு செல்களிடம் கிடைத்தது. 2020-இல் ஆய்வாளர்கள் இதைச் சொன்னபோதுதான், மூக்கடைப்பே இல்லாமல் மணம் மட்டும் நழுவிப்போகும் விந்தை கொஞ்சம் விளங்கியது. தோள்கொடுத்தவர்கள் உதிர்ந்தார்கள். சபை கலைந்தது. நடுவில் நின்ற பாடகர்கள் பெரும்பாலும் உயிரோடுதான் இருந்தார்கள், பாட்டு மட்டும் வரவில்லை.

எனக்கு அது 2021 மே மாதம் நடந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. கபசுரக் குடிநீரைக் கையில் வாங்கினேன். சுக்கு, திப்பிலி, இலவங்கம், கற்பூரவள்ளி என்று 15 சரக்கு சேர்ந்து கொதித்தது. வாசலில் கொதித்தால் கொல்லையில் நிற்பவனுக்குத் தெரியும். குடித்தேன். கசப்பு இருந்தது, உறைப்பு இருந்தது. திப்பிலி இல்லை, இலவங்கம் இல்லை, வள்ளி இல்லை. நாக்குக்கு அறுசுவை போதும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஒரு வாய்க் கஷாயத்தில் மூக்கின் பங்கு எவ்வளவு என்று அன்றைக்குத் தெரிந்தது.

இனி வருகிறதுதான் இந்தச் சங்கின் பேரழகு. மணப்படலத்தின் அடியில் சிறு முளைசெல்கள் எப்போதும் படுத்திருக்கின்றன. தாங்குகிறவர்களையும் அவர்களால் பெற முடியும், புதிய நரம்புசெல்லையும் பெற முடியும். பிறந்த நரம்பு சல்லடைத் துளையைத் தேடிப் பிடித்து, மூளையில் தன் இனத்தார் கூடும் இடத்துக்கு வழி கண்டு போகிறது. அந்த ஊர்ப்பயணத்துக்குத் துணையாக, ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கையும் காலையும் மாலையும் 12 வாரம் முகரச் சொல்லும் பயிற்சியை ஜெர்மனியின் தாமஸ் ஹம்மல் குழு 2009-இலேயே வகுத்திருந்தது. நான் எலுமிச்சைத் தோலோடும் கிராம்போடும் உட்கார்ந்தேன். முகர்வதை விட, நினைத்துக்கொள்வதுதான் அதிகம். முதலில் வழிதவறி வந்தன சில. காப்பி கருகிய துணியாக வந்தது, வெங்காயம் என்னவோ ரசாயனமாக. அதையும் நான் ரசித்தேன் என்றால் பொய். ஆனால் இழைகள் எங்கோ தட்டுத்தடுமாறித் துளை தேடுகின்றன என்று நினைக்கையில் ஒரு வாஞ்சை வந்தது.

சரியாக வந்த முதல் மணம் மழை பெய்த கரிசல் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஆடி பிறந்த ஒரு பகலில், பக்கத்து வீட்டுத் திண்ணையில் அக்கா வெடிக்குழாய் சுருட்டிக்கொண்டிருந்தார். காகிதத்தைக் கம்பியில் வைத்து, விரலால் ஒரு தீற்றுப் பசை இழுத்து, உள்ளங்கையால் உருட்டி, உருவித் தள்ளுகிறார்; குழாய்கள் குவிகின்றன. பக்கத்தில் அலுமினியப் போணியில் மைதாப் பசை, மேலே ஆடை கட்டி, ஓரத்தில் மயில்துத்தத்தின் நீலம் படிந்து. கடந்து போனவன் நின்றுவிட்டேன். லேசான புளிப்பு, கூடவே வெந்த மாவின் இனிப்பு, அதற்கும் அடியில் ஈரக் காகிதம். மூன்றும் தனித்தனியாக, வரிசையாக.

“அக்கா, பசை புளிச்சிருச்சுக்கா.”

“நேத்துக் காய்ச்சுனது. புளிக்காம என்ன செய்யும்?” என்றார் குழாயை உருவியபடியே. பிறகு கை நின்றது. “மூக்கு வந்துருச்சா தம்பி?”

போணியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.