மீட்பும் இல்லமும்: ஏமி கார்மைக்கேலின் 'கோல்ட் கார்ட்' நூலை மீண்டும் வாசித்தல்

ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1932-ஆம் ஆண்டு வெளியிட்ட 'கோல்ட் கார்ட்' என்னும் ஆங்கில நூல் டோனாவூர் ஐக்கியத்தின் வரலாற்றைக் கூறுவது. தமிழில் 'பொற்கயிறு' என அதனை நாம் அழைக்கலாம். நம் ஆயர்கள் இதனைப் பக்தி நூலாகவே அறிந்துள்ளனர். அருளுரைக்கு ஓர் எடுத்துக்காட்டைத் தேடி அதைப் புரட்டுவோர் பலர். துன்புற்று வந்தோருக்கு இல்லம் நடத்துவது எப்படி என்னும் வினாவோடு அதைத் திறப்போர் சிலரே. மனித வணிகத்திலிருந்து மீண்டு வந்தோருக்குத் தங்குமிடமும் மறுவாழ்வும் அளிக்கும் பணியில் திருச்சபைகள் இன்று பல இடங்களில் ஈடுபட்டுள்ளமையால், இவ்வினா வெறும் வரலாற்று ஆர்வத்திற்குரியதன்று.

இந்நூலின் பெருமை மீட்பை விவரிப்பதில் இல்லை என்பதும், மீட்புக்குப் பின் ஆண்டுக்கணக்கில் நீளும், புகழுக்கு இடமற்ற பணியை விவரிப்பதிலேயே உள்ளது என்பதும் எமது கருத்து. அதன் குறையும் அங்கேயே உள்ளது. உள்ளே வரும் வாசலைப் பற்றி நிறையக் கூறும் இந்நூல், வெளியே செல்லும் வாசலைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறது.

இதனை விளங்கிக்கொள்ள அம்மையாரின் முந்தைய நூல் ஒன்றையும் உடன்வைத்துப் பார்க்க வேண்டும். 1903-இல் வெளிவந்த 'திங்ஸ் அஸ் தே ஆர்' அருட்பணி வெளியீடுகளின் வழக்கமான வெற்றி முழக்கத்தை மறுத்து எழுதப்பட்டது. இங்கிலாந்தில் பலர் அதனை நம்ப மறுத்தனர். அது கூறுவன மெய்யே என்று தென்னிந்திய மிஷனெரிமார் சிலர் எழுதிய உறுதிக் கடிதங்கள் பிற்பதிப்புகளில் சேர்க்கப்பட்டன. பிரீனா என்னும் ஏழு வயதுச் சிறுமியின் வருகையை அந்நூல் கூறுகிறது. கோயிலுக்கு ஒப்புவிக்கப்படுவதற்காக வளர்க்கப்பட்ட அவள் முன்னரே ஒருமுறை தப்பித் தூத்துக்குடியிலிருந்த தாயிடம் ஓடியவள். தாயோ அவளைத் திருப்பி அனுப்பினாள். தண்டனையாக அவள் கைகளில் சூடு போடப்பட்டது. 1901 மார்ச் மாதத்தில் அவள் மீண்டும் தப்பிப் பண்ணைவிளைக்கு வந்தாள்.

இந்நிகழ்ச்சியை 'அம்மையார் பிரீனாவை மீட்டார்' என்று சுருக்கிக் கூறுவதே நம் வழக்கமாகிவிட்டது. நிகழ்ந்தது அதுவன்று. தப்பியவள் அச்சிறுமி. அவளைக் கண்டு அழைத்து வந்தவள் உள்ளூர்க் கிறிஸ்தவப் பெண் ஒருத்தி. தேடி வந்தோரிடம் போகமாட்டேன் என்று கூறியவளும் அச்சிறுமியே. அம்மையார் செய்தது இடம் கொடுத்தது. இடம் கொடுப்பது மீட்பதை விடச் சிறிய செயல் என்று எண்ணுவோர், அதன் பின்வந்த ஐம்பது ஆண்டுகளை எண்ணிப் பார்க்கட்டும்.

நம் அருளுரைகளில் உள்ள ஒரு சாய்வை இங்கே சுட்டவேண்டும். அப்போஸ்தலர் நடபடிகள் பதினாறாம் அதிகாரத்தில் குறிசொல்லித் தன் எஜமான்களுக்கு ஆதாயம் தேடித்தந்த அடிமைப்பெண் ஒருத்தி வருகிறாள். பவுல் அவளிலிருந்த ஆவியைத் துரத்துகிறார்; எஜமான்கள் வருமானம் போயிற்றென்று கலகம் செய்கின்றனர்; பின்பு சிறைச்சாலை, நில அதிர்ச்சி, சிறைக்காவலனின் மனமாற்றம் எனக் கதை விரைகிறது. அப்பெண் என்ன ஆனாள்? அன்று இரவு அவள் எவ்வீட்டில் உறங்கினாள்? சட்டப்படி அவள் இன்னும் அதே எஜமான்களின் உடைமை. முன்போல் வருமானமும் தராதவள். நூலாசிரியர் லூக்கா அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. லீதியாளின் வீடு அதே அதிகாரத்தில் திறந்தே இருக்கிறது. ஆனால் அப்பெண் அங்குச் சேர்க்கப்பட்டதாகக் குறிப்பில்லை. இம்மௌனத்தைப் பற்றி அருளுரையாற்றியவர்கள் அரியர். ஆவி நீங்கியதோடு விடுதலை முடிந்தது என்று நாம் திருப்தியடைந்துவிடுகிறோம்.

'பொற்கயிறு' நூலின் சிறந்த பகுதிகள் இம்மௌனத்துக்குள் நுழைந்தவை எனலாம். 1904 முதல் கைக்குழந்தைகள் டோனாவூருக்கு வரத் தொடங்கினர். ஊர் ஊராகச் சென்று நற்செய்தி கூறிவந்த பெண்கள் குழுவுக்கு இது பேரிடராயிற்று. பிள்ளை தாயின் காலைக் கட்டும் என்னும் நம் நாட்டு வழக்கை அம்மையார் நன்கறிந்திருந்தார். நற்செய்திப் பணியை விட்டுத் தாதியாக அமர்வது தகுமா என்று அவர் போராடியதும், யோவான் பதின்மூன்றாம் அதிகாரத்தில் ஆண்டவர் துணியை எடுத்து அரையில் கட்டிக்கொண்டதில் விடை கண்டதும் நூலில் ஒளிவுமறைவின்றிக் கூறப்படுகின்றன. இறையியல் மாணவர் இப்பகுதியை நிறுத்தி வாசிக்க வேண்டும். கால் கழுவுதலை நாம் தாழ்மையின் அடையாளமாகவே விளக்கிவருகிறோம். இங்கே அது அடையாளமன்று. பால் காய்ச்சுதல், துணி துவைத்தல், வயிற்றுப்போக்குடைய குழந்தையை இரவெல்லாம் மடியில் வைத்திருத்தல் என்பனவே அதன் பொருள். எல்லாக் குழந்தைகளும் பிழைக்கவுமில்லை. நெய்யூர் மருத்துவமனையின் அருகே வைத்து வளர்க்கப்பட்ட குழந்தைகளிற் பலர் கொள்ளை நோயில் மாண்டனர். தோல்வியை நூல் மறைக்கவில்லை.

இவ்விடத்தில் பொன்னம்மாளைக் குறித்துச் சொல்லாமல் செல்ல இயலாது. இளவயதிலேயே விதவையான இவர் நற்செய்திக் குழுவில் சேர்ந்து, பின்னர் நெய்யூர்க் குழந்தைகளைப் பொறுப்பேற்றார். பிறர் பெற்ற பிள்ளையின் மலசலம் எடுப்பது இழிவென்று கிறிஸ்தவப் பெண்களே தயங்கிய காலம் அது. ஏற்கும் குழந்தை எந்தச் சாதியினது என்னும் கேள்வியும் மறையவில்லை. பொன்னம்மாள் எவருக்கும் புத்திமதி கூறவில்லை, பிறர் செய்ய மறுத்ததைத் தாமே செய்தார், மற்றவர்கள் பின்வந்தனர். 1915-இல் புற்றுநோயால் அவர் மறைந்தபின் அம்மையார் அவர் வரலாற்றைத் தனி நூலாகவே எழுதினார். லூக்கா பத்தாம் அதிகாரத்து உவமையில் சமாரியன் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்துவிட்டுப் பயணம் தொடர்கிறான். காயம்பட்டவனோடு அறையில் தங்குபவன் சத்திரக்காரன். நாம் நல்ல சமாரியனின் பெயரை மருத்துவமனைகளுக்கு இடுகிறோம். சத்திரக்காரன் பெயரில் எதுவும் இல்லை. டோனாவூரின் சத்திரக்காரர் பொன்னம்மாள்.

இல்லத்தின் அமைப்பைப் பற்றி நூல் கூறுவன இன்றும் பயன் தருவன. பெரிய விடுதிக் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் பிள்ளைகளைக் கிடத்தாமல், சிறு சிறு வீடுகளில், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெண் பொறுப்பாக, வெவ்வேறு வயதுப் பிள்ளைகளைச் சேர்த்து வளர்க்கும் முறை அங்கே கைக்கொள்ளப்பட்டது. பணிபுரிந்த பெண்களுக்குப் பதவிப் பெயர் இல்லை. உறவுப் பெயரே இருந்தது. தமிழ்ப் பெண்கள் 'அக்காள்' எனப்பட்டனர், மேனாட்டுப் பெண்கள் 'சித்தி' எனப்பட்டனர், அம்மையார் 'அம்மா'. வார்டன், மேட்ரன், சூபரின்டென்டென்ட் என்னும் சொற்கள் ஆளும் நம் காப்பகங்களோடு இதை ஒப்பிடுக. விற்கப்பட்டவர் முதலில் இழப்பது உறவுச் சொற்களை என்பது இப்பணியில் உள்ளோர் அறிந்ததே. அவற்றைத் திருப்பிக் கொடுப்பது மறுவாழ்வின் தொடக்கம்.

எனினும் திறனாய்வாளன் இங்கே ஒரு சொல்லைச் சேர்க்காமல் இருத்தல் ஆகாது. தமிழ் உறவு முறையில் சித்தி தாயின் தலைமுறை. அக்காள் பிள்ளையின் தலைமுறை. இனத்தால் வந்த வேறுபாடு உறவு முறையாகவே உடுத்திக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டது. அம்மையார் இதை எண்ணித் திட்டமிட்டார் என்று நாம் கூறவில்லை. மேனாட்டார் இந்திய உடை உடுத்தி, ஒரே குடும்பமாக வாழ்ந்ததும் உண்மை. ஆனால் அன்பு மிகுந்த இல்லத்திலும் யார் மூத்தவர், யார் முடிவெடுப்பவர் என்பதைச் சொற்கள் காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

இன்னொரு குறை நிழற்படங்களைப் பற்றியது. 1909-இல் வெளியான 'லோட்டஸ் பட்ஸ்' நூல் டோனாவூர்க் குழந்தைகளின் அழகிய படங்களால் நிறைந்தது. அம்மையார் வேறிடங்களில் பிள்ளைகளுக்குப் புனைபெயர் இட்டு மறைக்கவும் செய்தார். எனவே ஆபத்தை அவர் உணராதவரல்லர். அக்காலத்துக்குச் சட்டம் இல்லை, நமக்கு இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74-ஆம் பிரிவில், பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் பெயரையோ படத்தையோ வெளியிடுவதைத் தடை செய்கிறது. அப்படியிருந்தும் ஆண்டறிக்கைகளிலும் ஜெபக் கடிதங்களிலும் மீட்கப்பட்ட சிறுமிகளின் முகங்கள் அச்சாகின்றன. ஆதரவாளர் மனம் உருக ஒரு முகம் தேவைப்படுகிறது என்பர். விற்கப்பட்டவரின் முகத்தை மறுபடியும் ஒரு பயனுக்காகப் பயன்படுத்துவதற்கு இது நியாயம் ஆகாது. பணத்துக்காக எவரிடமும் வேண்டுகோள் விடுப்பதில்லை என்னும் டோனாவூரின் கொள்கையை நடைமுறைக்கு ஒவ்வாதது என்று தள்ளுவோரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெளியே செல்லும் வாசலைப் பற்றிய குறையே மிகப் பெரியது. உபாகமம் இருபத்துமூன்றாம் அதிகாரம் 15, 16-ஆம் வசனங்கள் தப்பிவந்த அடிமையைப் பற்றியவை. அவனைத் திருப்பி ஒப்புக்கொடுக்கலாகாது என்பது முதற்பகுதி. இதனை டோனாவூர் துணிவோடு நிறைவேற்றியது. அவன் தனக்குப் பிரியமான இடத்தைத் தானே தெரிந்துகொண்டு அங்கே குடியிருக்க வேண்டும் என்பது அடுத்த பகுதி. இதனை நம் இல்லங்கள் எளிதில் மறக்கின்றன. 'பொற்கயிறு' வளர்ந்த பெண்களைப் பற்றிப் பேசும்போது, ஐக்கியத்திலேயே நிலைத்து அக்காள்களானோரையே மகிழ்ச்சியோடு காட்டுகிறது. மருத்துவமனையிலும் பள்ளியிலும் அவர்கள் ஆற்றிய தொண்டு மெச்சத்தக்கதே. வெளியுலகில் வேலை தேடியவள், மணம் செய்துகொண்டு சென்றவள், மனம் மாறிப் போனவள் ஆகியோர் கதையின் ஓரத்தில் நிற்கின்றனர்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் நிறுவிய அவ்வை இல்லத்தை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்த அவர், தம் வாயிலைத் தட்டிய பெண்களுக்கு விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டதால் அவ்வில்லத்தைத் தொடங்கினார். கல்வியும் தொழிலும் பெற்று அவர்கள் வெளியே தம் காலில் நிற்பதே அதன் நோக்கம். பொட்டுக்கட்டுதலைத் தடுக்க அவர் நடத்திய போராட்டம் 1947-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்தில் நிறைவெய்தியது. அச்சட்டத்தால் தேவதாசிக் குடும்பங்கள் நிலமும் கலையும் மதிப்பும் இழந்த கதையை டேவேஷ் சோனேஜி 2012-இல் வெளியிட்ட ஆய்வு விரிவாகக் காட்டியுள்ளது. அம்மையாரின் நூல்களில் கோயில் பெண்கள் கொடியவராக மட்டுமே தோன்றுவதற்கு அது தேவையான திருத்தம். ஆயினும் பிரீனாவின் கைகளில் இருந்த சூட்டுத் தழும்பை எந்த ஆய்வும் அழிக்கவில்லை.

அரசின் சட்டமும் இதே தடுமாற்றத்தில் உள்ளது. 1956-இல் இயற்றப்பட்டு 1986-இல் பெயர் மாற்றம் பெற்ற ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, மீட்கப்பட்டவரை ஓராண்டுக்குக் குறையாமலும் மூன்றாண்டுக்கு மிகாமலும் பாதுகாப்பு இல்லத்தில் வைக்க நடுவருக்கு அதிகாரம் தருகிறது. 19-ஆம் பிரிவு, ஒருவர் தாமே விண்ணப்பித்து அத்தகைய இல்லத்தில் சேர வழி செய்கிறது. ஒரே கட்டடம், ஒரே உணவு, ஒரே சுவர். ஒருவருக்குச் சிறை, ஒருவருக்கு வீடு. 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் இவ்வில்லங்களை ஆய்ந்து, விருப்பத்துக்கு மாறாக வைக்கப்பட்டுள்ள வயதுவந்த பெண்களின் நிலையைப் பரிசீலித்துக் காலவரையறைக்குள் விடுவிக்க நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களுக்குப் பணித்தது. அதற்கு முன், 2018-இல், டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஆய்வுக்குழு பீகாரின் முசாஃபர்பூரில் சிறுமியர் காப்பகமொன்றில் நிகழ்ந்த கொடுமையை வெளிப்படுத்தியது. பூட்டிய வாசல் வெளியேயுள்ள கொடியவனைத் தடுக்கலாம். உள்ளேயுள்ளவனுக்கோ அது துணை.

திருச்சபை நடத்தும் இல்லங்கள் அத்தகையன அல்ல என்று நாம் உடனே கூறிவிடுவோம். கூறுமுன் சில வினாக்களுக்கு விடையளிப்பது நலம். இல்லத்தில் இருப்பவள் தன் தாயுடன் தனியே பேச இயலுமா? ஞாயிறு ஆராதனைக்கு வர மறுத்தால் அவள் தட்டில் சோறு குறையுமா? நிர்வாகக் குழுவில், அவ்வில்லத்தில் ஒருகாலத்தில் தங்கியிருந்த பெண் ஒருத்தியாவது உண்டா? அவள் வெளியேறிய மறுமாதம் வாடகை கொடுக்க வழியுண்டா? இவ்வினாக்களில் இரண்டாவது நமக்கு மிகவும் கசப்பானது. டோனாவூர் தன் பிள்ளைகள் கிறிஸ்துவை நேசிக்க வளர்வதை மறைவின்றி விரும்பியது; கைக்குழந்தையை வளர்க்கும் குடும்பத்துக்கு அது இயல்பு. இருபது வயதில், கொத்தடிமையாயிருந்த செங்கல் சூளையிலிருந்தோ விடுதியறையிலிருந்தோ வருபவள் குழந்தையல்லள். அவளுக்கு முன்னமே தெய்வம் உண்டு, கோபம் உண்டு, சில வேளைகளில் தனக்கெனப் பிள்ளையும் உண்டு. தங்குமிடத்துக்கு விலையாக அவளிடம் சாட்சி கேட்பது, பவுலடியார் துரத்திய ஆவியின் எஜமான்களுடைய வணிகத்தை வேறு பெயரில் நடத்துவதாகும்.

இந்நூலை வகுப்பறையில் பயன்படுத்தும் ஆசிரியர்கள், குழந்தைகளின் வருகையைக் கூறும் அதிகாரங்களோடு நிறுத்தாமல், பொன்னம்மாளின் வரலாற்றையும் மேற்கூறிய இரண்டு சட்டப் பிரிவுகளையும் உடன்வைத்து வாசிக்கச் செய்யலாம். மாணவர்கள் தம் களப்பணி மாதத்தில் ஏதேனும் ஓர் இல்லத்துக்குச் செல்வாராயின், எத்தனை பேரை மீட்டீர்கள் என்று கேளாமல், சென்ற ஐந்தாண்டுகளில் வெளியேறியவர்கள் இப்பொழுது எங்கே வாழ்கிறார்கள் என்று கேட்டு எழுதி வரட்டும்.