48 கிலோவுக்குள் இரண்டு உடல்கள்

2018 ஏப்ரல், கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டி. பெண்கள் குத்துச்சண்டை, 45–48 கிலோ அரையிறுதி. இந்தியாவின் மேரி கோம், இலங்கையின் அனுஷா கொடித்துவக்குவை 5-0 என்று வென்றார்; அனுஷாவுக்கு வெண்கலம். தராசைப் பொறுத்தவரை இருவரும் ஒரே எடை. அதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, முந்தின நாள் வடித்த தண்ணீர் எவ்வளவு என்பதெல்லாம் தராசுக்குத் தெரியாது.

அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு போட்டிக்காகப் போலந்துக்குப் போய் இறங்கிய மேரிக்கு 2 கிலோ கூடுதல். எடை பார்க்க நான்கு மணி நேரமே இருந்தது. ஒரு மணி நேரம் விடாமல் கயிறு தாண்டினார். எடையும் இறங்கியது, தங்கமும் கிடைத்தது. நம் பத்திரிகைகள் இதை வீரக்கதையாகவே எழுதின. 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை மறுபக்கம் பெரிதாகப் பேசப்படவில்லை. அங்கே மல்யுத்தத்தில், 53 கிலோ இடம் அந்திம் பங்காலுக்குப் போய்விட்டதால் 50க்கு இறங்கியவர் வினேஷ் போகத். முதல் நாள் மூன்று ஆட்டம் வென்ற பிறகு எடை 52.7. இரவெல்லாம் ஓட்டம், சௌனா; கடைசியில் முடியைக்கூட வெட்டிப் பார்த்தார்கள். காலையில் 100 கிராம் மிச்சம், இறுதிப் போட்டி இல்லை. அடுத்த சில நாளில் இன்னொரு இந்திய மல்யுத்த வீரர் அமன் செராவத் பத்து மணி நேரத்தில் 4.6 கிலோ இறக்கி வெண்கலம் வாங்கினார்.

ஒரே இரவில் இறங்குவது கொழுப்பல்ல. கொழுப்பு கரைய வாரக்கணக்கில் ஆகும். தசையிலுள்ள கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றையும் ரொட்டியையும் நிறுத்தினால் அது போகும். மிச்சம் வியர்வை. இரத்தத்தில் நீர் குறைந்ததும் இதயம் படபடக்கும், உடற்சூடு தணியாது.

வட இந்திய அகாடாக்களின், அதாவது மல்யுத்தக் கூடங்களின், பழைய வழக்கம் இதற்கு நேர் எதிர். பால், நெய், பாதாம் என்று உடம்பை ஏற்றுவதே அங்கே பயிற்சி. மண் குஸ்தியில் எடைப் பிரிவு பெரிதல்ல. தராசு பின்னால் வந்தது, மருத்துவர், உணவு நிபுணர் பரிவாரத்தோடு. அந்தப் பரிவாரம் இருந்தும் பாரிஸுக்குப் பிறகு, எடை என்பது வீராங்கனை, பயிற்சியாளரின் பொறுப்பு என்று இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவர் பி.டி. உஷா சொல்லிவிட்டார்.

இலங்கையில் குத்துச்சண்டை பள்ளிக்கூட வாசல் வழியே வளர்ந்தது. 1914இல் தொடங்கிய ஸ்டப்ஸ் கேடயம் இன்றும் பாடசாலைகளுக்குப் பெருமை. இராணுவம், கடற்படை, பொலிஸ் அணிகளெல்லாம் அதற்குப் பிந்திய படி. பள்ளியில் பையன் தராசில் ஏறுவது வளர்ந்து முடிக்கும் முன்பே. எனக்கு வினேஷின் இரவைவிட இதுதான் கவலை: எலும்பும் தசையும் கூட வேண்டிய வயதில் பட்டினியால் பிரிவு மாறும் சபலம்.

பெரியவர்களின் சபலம் வேறு. 2010இல் டெல்லியில் மஞ்சு வன்னியாராச்சி 56 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். காமன்வெல்த் குத்துச்சண்டையில் 72 ஆண்டுக்குப் பின் இலங்கைக்குக் கிடைத்த தங்கம். சோதனையில் தசை கூட்டும் நாண்ட்ரோலோன் தெரியவந்து பதக்கம் பறிபோனது.

1997இல் மூன்று மாணவ மல்யுத்த வீரர்கள் எடை குறைக்கப்போய் இறந்ததும் அமெரிக்கக் கல்லூரிகள் விதியை மாற்றின. பருவத் தொடக்கத்திலேயே சிறுநீரில் நீர்ச்சத்தைச் சோதித்து, கொழுப்பை அளந்து, அந்த மாணவன் எந்த எடைக்குக் கீழே போகக்கூடாது என்று எழுதி வைத்துவிடுவார்கள். வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்கவும் கூடாது. இந்திய மல்யுத்த வீரர்கள் பயிலும் சோனிபட்டைவிட, கண்டியிலும் கொழும்பிலும் உள்ள பாடசாலைகளுக்கே இந்த விதி முதலில் வர வேண்டும்.