அமரம் கூர்ந்தால் போதுமா?

இரு முனையும் கூர்ந்த பாய்ப்படகுகளை வடிவமைத்த ஆர்ச்சர், அட்கின், கிரியலாக் என்ற வரிசையை நம் படகுக் கழக உறுப்பினர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நார்வேயின் லார்விக்கில் 1893இல் நீரில் இறங்கிய, ஆர்ச்சரின் முதல் மீட்புப் படகு, மறு ஆண்டே ஹாஸ்வாக் அருகே வீசிய புயலில் 36 பேரைக் காப்பாற்றியது. அந்த மரபுக்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

கிரியலாக் வழியில் வந்த வெஸ்ட்செயில் 32 படகு கனம் மிகுந்தது, இளங்காற்றில் நகராது என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் எங்கள் பிடிப்பெல்லாம் அட்கினின் 'எரிக்' வரைபடத்தின் மீதே. அந்த வரைபடத்தை வைத்துத்தான் மும்பை ஓடாவிகள் 1960களில் வாச்சியால் தேக்கைச் செதுக்கி 'சுஹைலி'யைக் கட்டினார்கள். 32 அடிப் படகு. அதில் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூனில் இங்கிலாந்தின் ஃபால்மத்தை விட்டு, எங்கும் கரை தொடாமல் தனியாளாக உலகைச் சுற்றி, 312 நாளில் திரும்பினார். வழியில் தானியங்கிச் சுக்கான் கருவி உடைந்தே போனது. பாதி உலகம் மிச்சம். பாய்களைச் சமன்செய்து வைத்தே படகைத் தன் போக்கில் ஓடவிட்டார். நீண்ட ஏராவும் (அடிமரமும்), முன்னும் பின்னும் ஒத்த பருமனும் இல்லாத படகில் இது நடக்கிற காரியமா?

பாய்களைச் சமன்செய்து ஓட்டும் இந்த வித்தையை எங்கள் ஆசான் பேச்சால் கற்பிக்கவில்லை. சுக்கான் பிடியை நம் கையிலிருந்து வாங்கி, துண்டுக் கயிற்றால் கட்டிவிடுவார். படகு விலகினால் பின்பாயை ஒரு சாண் தளர்த்தச் சொல்வார். மறுபடி விலகினால் முன்பாய். படகு நேராக ஓடும்வரை கயிற்றை அவிழ்க்க விடமாட்டார்.

இன்று சிலர், பெயர் வேண்டாம், அமரம், அதாவது படகின் பின்முனை, கூர்ந்திருந்தாலே அது ஆர்ச்சர் படகு என்கிறார்கள். பின்னலையைப் பிளப்பது கூர்மை என்று மேடையிலும் பேசுகிறார்கள். அலையோடு எழும்பப் பின்புறத்துக்கு மிதப்புத்திறன் வேண்டும். அமரத்தை ஒடுக்கிவிட்டால் அலை தளத்தின் மேல்தான் ஏறும். ஆர்ச்சர் நீருக்கடியிலுள்ள பருமன் எங்கே கூடி எங்கே குறைய வேண்டும் என்று கணக்குப் போட்டவர். அந்தக் கணக்கைப் பார்க்காமல் படுக்கை எத்தனை, குளிர்பெட்டி உண்டா என்று கேட்டு வாங்குகிறார்கள். பலகை இடுக்குகளில் கலப்பத்து அடிக்கும் ஓசை துறையில் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! கருவித் திரையைப் பார்த்தே ஓட்டுகிறவர்களுக்குக் காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது என்பதுகூடத் தெரிவதில்லை. முன்பாயை எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டி, சுக்கானைத் திருப்பிப் பூட்டி, புயலில் படகை அடக்கி நிறுத்தத் தெரியாதவருக்கும் படகுத் தலைவர் சான்றிதழ் கிடைக்கிறது. பெரியவர்கள் காலத்தில் அந்த உத்தி சான்றிதழ்த் தேர்வில் இருந்தது. செயற்குழு அதை வரும் பருவத்திலேயே மீண்டும் சேர்க்க வேண்டும்.