குமிழெல்லாம் உண்டு, குரல்தான் இல்லை

மிக்-21 பிஸ் விமானத்தின் எரிபொருள் மானி, தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை. கிளம்பும் முன் எத்தனை லிட்டர் நிரப்பினார்கள் என்பதை ஒரு குமிழைத் திருகி அதில் வைக்க வேண்டும். அதன் பிறகு எஞ்சின் குடிக்கக் குடிக்க மானி கழித்துக்கொண்டே வரும். வைக்க மறந்தால் கூசாமல் பொய் சொல்லும். டிசிஎஸ் வேர்ல்ட் என்ற போர் விமான சிமுலேட்டரில் இந்த விமானத்தை வாங்கினால் அந்தக் குமிழும் கூடவே வரும், அந்தப் பொய்யும் வரும்.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் நம் விமானப்படை மிக்-21க்கு விடைகொடுத்தது. 1963இல் வந்த விமானம், 62 ஆண்டுகள் பறந்திருக்கிறது. அந்தச் செய்தியைப் பார்த்த பிறகுதான் மயிலாப்பூர் வீட்டுக் கணினியில் இந்த சிமுலேட்டரை மறுபடி நிறுவினேன். டிசிஎஸ்ஸின் அடிப்படை நிரலை ஈகிள் டைனமிக்ஸ் நிறுவனம் இலவசமாகவே தருகிறது. அதோடு சூ-25டி என்ற தாக்குதல் விமானமும், ஆயுதமில்லாத ஒரு மஸ்டாங்கும் இலவசம். மற்ற விமானங்களைத் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். மிக்-21 பிஸ் 2014இல் லெதர்நெக் என்ற சிறு குழுவின் படைப்பாக வெளிவந்தது. அந்தக் குழு பிரிந்தபோது விமானம் மேக்னிட்யூட் 3 என்ற குழுவின் கைக்குப் போயிற்று. விலை 50 டாலர் அளவில். தள்ளுபடிக் காலம் வரை பொறுத்தால் பாதிக்குக் கிடைக்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். விமானி அறையில் அலங்காரத்துக்கென்று ஒரு சுவிட்சும் இல்லை. எல்லாம் வேலை செய்யும், அல்லது நம்மை வேலை வாங்கும். எழுத்துகள் ரஷ்ய மொழியில் இருப்பது கஷ்டமென்றால் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். தரையில் உருட்டிப்போவதே ஒரு பாடம். மூக்குச் சக்கரத்தை நேரடியாகத் திருப்ப முடியாது. காற்றழுத்த பிரேக்கின் நெம்புகோல் கட்டுப்பாட்டுக் கோலில் இருக்கும். அதை அழுத்திக்கொண்டே காலால் ரட்டரை மிதித்தால், மிதித்த பக்கத்துச் சக்கரம் பிடிக்கும், விமானம் அந்தப் பக்கம் திரும்பும். புதிதாக வருகிறவர்கள் ஓடுபாதைக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே புல்வெளியில் இறங்கிவிடுவார்கள்.

தரையிறங்குவது இன்னும் கடினம். இந்த விமானத்தின் முக்கோண இறக்கை சிறியது. மெதுவாக வரும்போது தாங்கிப்பிடிக்க, எஞ்சினிலிருந்து காற்றைப் பிடுங்கி ஃபிளாப்பின் மேல் ஊதும் ஓர் ஏற்பாடு உண்டு. மணிக்கு 340 கி.மீ. வாக்கில் இறங்கி வருகிறோம், கொஞ்சம் வேகம் அதிகமாகத் தோன்றுகிறது, காரில் செய்வதுபோல் விசையைச் சட்டென்று குறைக்கிறோம். எஞ்சின் அடங்கும், ஊதுவதும் அடங்கும், இறக்கை கைவிட்டுவிடும். மறுபடி விசையைத் தள்ளினாலும் அந்தப் பழைய டுமான்ஸ்கி எஞ்சின் விழித்தெழச் சில நொடி ஆகும். அந்தச் சில நொடிகள் நம்மிடம் இருக்காது. கிரண் போன்ற மெதுவான பயிற்சி விமானத்திலிருந்து நேரே இதில் ஏற்றிவிடப்பட்ட இளம் விமானிகளைப் பற்றிச் செய்தித்தாளில் எத்தனையோ படித்திருக்கிறோம். ஹாக் பயிற்சி விமானம் நம் படைக்கு வந்தது 2008இல்தான். அந்த இடைவெளி என்ன செய்திருக்கும் என்பதைக் கட்டுரைகளைவிட இந்த விளையாட்டின் கடைசி 500 மீட்டர் எனக்கு நன்றாக விளக்கியது. இதற்காகவே கொடுத்த காசு தகும்.

ஆனால் நிஜமான மிக்-21 விமானி தனியாளாகச் சண்டைக்குப் போனதில்லை.

இந்த விமானத்தின் சொந்த ரேடார் குறும்பார்வை கொண்டது. இருபது முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் பெரிதாக ஒன்றும் தெரியாது, தாழப் பறந்தால் தரையின் எதிரொலியில் அதுவும் குழம்பிவிடும். சோவியத் வடிவமைப்பாளர்கள் இதைத் தெரிந்தேதான் செய்தார்கள். பெரிய ரேடார் தரையில் இருக்கும். அதன் முன் அமர்ந்த கட்டுப்பாட்டு அதிகாரி திசை, உயரம், வேகம் எல்லாவற்றையும் காதில் சொல்லி விமானியை எதிரியின் பின்னால் கொண்டுபோய் நிறுத்துவார். விமானி கடைசியில் பார்த்துச் சுடுவார். 2019 பிப்ரவரி 27 அன்று காஷ்மீர் வானில் நடந்த மோதலில் விமானிகளை வழிநடத்தியதற்காக ஸ்குவாட்ரன் லீடர் மின்டி அகர்வாலுக்கு யுத்த சேவா பதக்கம் கொடுத்தார்களே, அந்த வேலைதான் இது. அந்தப் பதக்கம் பெற்ற முதல் பெண் அவர்.

டிசிஎஸ்ஸில் அந்தக் குரல் இல்லை. கணினி ஓட்டும் ரேடார் விமானம் ஒன்றை அழைத்துக் கேட்டால் எதிரி எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று ஒப்பிக்கும், அவ்வளவுதான். ‘இப்போது இடப்பக்கம் திரும்பு, இன்னும் ஆயிரம் மீட்டர் ஏறு, ரேடாரைப் போடாதே’ என்று கூட வந்து அழைத்துப்போக ஆளில்லை. துணைக்கு வரும் விமானம் சொன்ன பேச்சைப் பாதி கேட்கும். எதிரி விமானங்களுக்கோ, நமக்கு இருப்பதைவிட எளிமையாக்கப்பட்ட பறத்தல் விதிகள். நாம் ஒவ்வொரு திருப்பத்திலும் வேகத்தை இழந்து திணற, அவர்கள் அலட்டிக்கொள்ளாமல் ஏறிப்போவார்கள். பாடகர் பிரமாதம், ஸ்ருதி சுத்தம், பக்கவாத்தியத்துக்கு மட்டும் ஆள் வரவில்லை என்கிற கச்சேரி இது.

இணையத்தில் பலர் கூடி விளையாடும் சர்வர்களில் இதற்கு ஒரு மாற்று இருக்கிறது. யாராவது ஒருவர் லாட்-ஏடிசி என்ற துணை நிரலின் ரேடார் திரை முன் உட்கார்ந்து மற்றவர்களை வழிநடத்துவார். அப்போது இதே விமானம் வேறு விமானமாகிவிடுகிறது. சிக்கல் என்னவென்றால், அந்த சர்வர்கள் களைகட்டுவது ஐரோப்பிய மாலை நேரத்தில். நமக்கு அது நள்ளிரவு. மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

குமிழுக்கு இவ்வளவு உழைத்தவர்கள் குரலை ஏன் விட்டார்கள்? சோம்பேறித்தனம் என்று நான் நினைக்கவில்லை. அடிப்படை நிரல் இலவசம், விமானம் மட்டுமே விற்பனைப் பொருள் என்றால் உழைப்பு எங்கே போகும்? புது விமானத்தின் படத்தைப் போட்டால் ஆயிரக்கணக்கானோர் முன்பணம் கட்டுவார்கள். ‘எதிரியின் மூளையைச் சீர்செய்திருக்கிறோம், 50 டாலர்’ என்றால் யார் கட்டுவார்? அந்த அடிப்படை நிரலுக்குக் கணினியின் பல கோர்களையும் ஒழுங்காகப் பயன்படுத்தும் வசதியே 2023இல்தான் வந்தது. இன்னொரு காரணமும் உண்டு. குமிழுக்குக் கையேடு இருக்கிறது, சரியா தப்பா என்று ஒத்துப்பார்த்து முடித்துவிடலாம். மனிதர்போல் முடிவெடுக்கும் எதிரிக்குக் கையேடு கிடையாது. அந்த வேலைக்கு முடிவும் கிடையாது.

இதற்கு நேர் எதிரான வழியில் போனவர்களும் இருந்தார்கள். 1998 டிசம்பரில் மைக்ரோப்ரோஸ் வெளியிட்ட ஃபால்கன் 4.0 விளையாட்டில் கொரியத் தீபகற்பம் முழுக்க ஒரு போர் தானாக நடந்துகொண்டிருக்கும். டாங்கிப் படைகள் நகரும், பாலங்கள் விழும், நாம் பறந்தாலும் படுத்துத் தூங்கினாலும் போர் நிற்காது. தடிமனான வளையக் கோப்பில் கையேடு கொடுத்தார்கள். பர்மா பஜார் சிடியோடு அது வராது என்பதால், சென்னையில் பலருக்கு எஞ்சினைக் கிளப்புவதே ஆராய்ச்சியாக இருந்தது. ஆனால் அந்தப் போரை உருவாக்கப் பல ஆண்டுகள் இழுத்தது, வெளிவந்தபோது விளையாட்டு பிழைகளால் நிறைந்திருந்தது. நிறுவனத்தை வாங்கியிருந்த ஹாஸ்ப்ரோ மறு ஆண்டே அந்தக் குழுவைக் கலைத்தது. 2000இல் மூல நிரல் கசிந்தது. அதை எடுத்து ஆர்வலர்கள் இன்றுவரை சீர்படுத்தித் தரும் ஃபால்கன் பிஎம்எஸ் இலவசம், பழைய ஃபால்கன் 4.0 மட்டும் கையில் இருக்க வேண்டும். டிசிஎஸ்காரர்களும் அப்படியொரு தானியங்கிப் போரைத் தருகிறோம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஃபால்கன் குழுவுக்கு நேர்ந்ததைப் பார்த்தவர்கள் அவசரப்படாததில் எனக்கு ஆச்சரியமில்லை.

விமானத்தை மட்டும் விற்கும் வழியும் அப்படியொன்றும் பத்திரமானதல்ல. ராஸ்பாம் என்ற குழு செய்த எஃப்-15இ, 2023இல் அரைகுறை நிலையில் விற்பனைக்கு வந்தது. 2024 ஏப்ரலில் பணம் வரவில்லை என்று அக்குழு வேலையை நிறுத்தியது. ஒப்பந்தத்தை மீறினார்கள் என்றது ஈகிள் டைனமிக்ஸ். வாங்கியவர் கையில் முடியாத விமானம். ‘முன்கூட்டிய அணுகல்’ என்று போட்டிருந்தால் இரண்டு முறை யோசியுங்கள்.

2024 அக்டோபர் 6 அன்று மெரினா வான்சாகசத்துக்குப் போனவர்களுக்கும், கூட்டத்துக்குப் பயந்து மயிலாப்பூர், பெசன்ட் நகர் மொட்டை மாடிகளிலிருந்து பார்த்தவர்களுக்கும் ஒரு செய்தி. அன்று தலைக்கு மேல் போன தேஜஸ், ரஃபேல், சுகோய்-30 மூன்றில் ஒன்றுகூட இந்த அளவு நுணுக்கத்துடன் டிசிஎஸ் கடையில் கிடைக்காது. இன்று பணியில் இருக்கும் விமானத்தின் ரேடாரும் மின்னணுப் போர்க்கருவிகளும் ரகசியம். மிக்-21இலும் இதே கதைதான். கையேடுகள் எங்கும் கிடைக்கும் பழைய பிஸ் ரகத்தைத்தான் செய்திருக்கிறார்கள். நம் படை கடைசிவரை ஓட்டியது அதிலிருந்து மேம்படுத்திய பைசன். புது ரேடார், ஆர்-73, ஆர்-77 ஏவுகணைகள் எல்லாம் அதற்கு உண்டு. இந்திய வண்ணம் பூசிப் பறக்கலாம், ஆனால் உள்ளே இருப்பது 1970களின் விமானம்.

போதாக்குறைக்குச் சிறு கலப்படங்களும் உண்டு. பழைய பிஎஃப்எம் ரகத்துக்கென உருவான கே.ஹெச்-66 ஏவுகணையை இதிலும் மாட்டிக்கொள்ளலாம். ஆயுதப் பட்டியல் நீளமாக இருந்தால் வாங்குபவருக்குச் சந்தோஷம்தானே. 2025 ஜனவரியில் எஃப்-35ஏ செய்யப்போவதாக ஈகிள் டைனமிக்ஸ் அறிவித்தபோது ஆர்வலர்கள் சண்டைக்கு வந்ததில் நியாயம் இருக்கிறது. தெரியாத ரேடாரை ஊகித்து எழுதிவிட்டு, அதற்கு எரிபொருள் மானிக் குமிழின் மரியாதையைக் கேட்டால் எப்படி?

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு குறை. டிசிஎஸ்ஸில் இந்திய வரைபடமே இல்லை. காகசஸ் மலை, பாரசீக வளைகுடா, சிரியா எல்லாம் உண்டு, நமக்கு அருகில் என்றால் ஆப்கானிஸ்தான். அடையாறு முகத்துவாரத்தின் மேல் திரும்பி மீனம்பாக்கத்தின் 25ஆம் எண் ஓடுபாதைக்கு இறங்க வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டருக்குப் போக வேண்டும். அங்கே உலகமே இருக்கிறது, சுடுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

நம் நாட்டிலேயே செய்த விமானப்படை விளையாட்டு ஒன்றும் உண்டு. ‘இந்தியன் ஏர் ஃபோர்ஸ்: எ கட் அபவ்’ என்ற கைப்பேசி விளையாட்டை 2019 ஜூலை 31 அன்று அப்போதைய தளபதி தனோவா வெளியிட்டார், செய்தது திரை என்ற நிறுவனம். அந்தக் காஷ்மீர் மோதலில் பறந்த விமானி அபிநந்தனை நினைவூட்டும் மீசையோடு ஒரு விமானி அதில் வருவார். நிஜத்தன்மை என்ற பேச்சே அதில் கிடையாது. விமானம் விழ நினைத்தாலும் விழாது. ஆனால் அது யாருக்கானது என்பதில் அதற்குக் குழப்பமில்லை. பள்ளி மாணவரைப் படையின் பக்கம் திரும்பிப் பார்க்கவைக்க வேண்டும், சாதாரணப் போனில் ஓட வேண்டும். பறக்கும் ரயிலில் திருமயிலையில் ஏறித் திருவான்மியூரில் இறங்குவதற்குள் ஒரு சண்டையை முடித்துவிடலாம். டிசிஎஸ்ஸில் அதற்குள் மிக்கின் கைரோக்கள்கூட நிலைக்கு வந்திருக்காது என்று சொன்னால் மிகைதான், ஆனால் பெரிய மிகையல்ல.

வாங்க நினைப்பவர்களுக்கு: 32 ஜிபி நினைவகம் இல்லாமல் இறங்காதீர்கள். எஸ்.எஸ்.டி.யில் தாராளமாக இடம் வேண்டும், நாலைந்து விமானமும் வரைபடமும் சேர்ந்தால் நூற்றுக்கணக்கான ஜிபி போய்விடும். ரிச்சி தெருவில் விலையுயர்ந்த ஜாய்ஸ்டிக் செட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். இந்த விமானத்துக்குத் திருகக்கூடிய தண்டுள்ள சாதாரண ஜாய்ஸ்டிக் போதும், அந்தத் திருகலே ரட்டர். மிச்சமாகும் பணத்துக்கு ஒரு வெப்கேம் வாங்குங்கள். ஓபன்ட்ராக் என்ற இலவச நிரலோடு சேர்த்தால் தலையைத் திருப்பும் பக்கமெல்லாம் திரையும் திரும்பும், சண்டையில் ஜாய்ஸ்டிக்கைவிட அதுதான் உதவும். மே மாதத்தில் விளையாடுவதென்றால் கணினிக்கும் சேர்த்து ஏ.சி. போட வேண்டியிருக்கும். யு.பி.எஸ். கட்டாயம்.

இதையெல்லாம் வாங்கும் முன் டிசிஎஸ் தரும் இரண்டு வார இலவச ஒத்திகையில் மிக்-21ஐ எடுத்து, சண்டையைத் தொடாமல், ஏறி ஒரு சுற்று சுற்றி இறங்குவதை மட்டும் செய்து பாருங்கள். அது பிடித்திருந்தால் வாங்குங்கள். போர் வேண்டுமென்பவர்கள் பழைய ஃபால்கனைத் தேடிப்போகலாம்.